கார் பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது தவிர்க்க வேண்டியவை

புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் பேட்டரியில் கை வைத்தால் நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. சாவியை அணைப்பது, கண்ணாடி, கையுறை போடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

எஞ்சின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை உருவுவார்கள். வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று கணக்கு. கார்பரேட்டர் காலத்துப் பழக்கம் இது. கெட்டுப்போக அப்போது வண்டிக்குள் எலக்ட்ரானிக்ஸ் அதிகம் கிடையாது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஏற்றிக்கொள்வதோடு, மின்னழுத்தம் எகிறாமலும் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குள் போய்க்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று அறுந்தால், ஆல்டர்னேட்டர் சுருளில் இருக்கும் காந்தப்புலம் உடனே அடங்காது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள், 14 வோல்ட் இருந்த லைனில் அதைப்போல் பல மடங்கு பாயலாம். ஒரு நொடிகூட நீடிக்காது, ஆனால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவும் ஆல்டர்னேட்டர் டயோடுகளும் போக அது போதும். பேட்டரி காலியாகி, ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பிய வண்டியில் ஆபத்து இன்னும் அதிகம். காலி பேட்டரி அந்த நேரத்தில் நிறைய மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

அப்படிக் கிளப்பிய ஒரு வண்டியில்தான் ஒரு பையன் நான் திரும்புவதற்குள் நெகட்டிவைக் கழற்றிவிட்டான். எஞ்சின் நிற்கவில்லை. "ஆல்டர்னேட்டர் நல்லா இருக்குண்ணே" என்றான் சந்தோஷமாக. அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்பினால், கிளம்பவே இல்லை. பேட்டரி மட்டும் மாற்ற வந்த வண்டிக்கு இசியூ மாற்ற வேண்டியதாயிற்று.

ஒரு மல்டிமீட்டர் போதும். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். சில புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்து வைக்கும்; ஹெட்லைட்டைப் போட்டு அளந்து பாருங்கள்.

பாசிட்டிவை முதலில் கழற்றுவது

இன்றைய கார்களில் பாடி முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், நூற்றுக்கணக்கான ஆம்பியர். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஷார்ட்டில் பறக்கும் தீப்பொறி அதற்குப் போதும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மோதிரத்தையும் உலோகப் பட்டை வாட்சையும் கழற்றி வையுங்கள்.

கழற்றிய கம்பியை அப்படியே விடுவது

அது தானாகச் சாய்ந்து முனையைத் தொடும். துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டுவது

கம்பியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பேட்டரி மேல் இருக்கும் குறியைப் பாருங்கள். உருண்டை முனை உள்ள பேட்டரிகளில் பாசிட்டிவ்தான் கொஞ்சம் பருமன். கம்பி நுனியில் இருக்கும் கிளாம்ப் முனையில் இறங்கவில்லையென்றால், சரியான முனையில்தான் வைத்திருக்கிறோமா என்று முதலில் பாருங்கள்.

சுத்தியலால் தட்டி இறக்குவது

கூடவே கூடாது. முனையின் அடி விரிசல் விட்டு ஆசிட் கசியும்.

சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது

பேட்டரியைக் கழற்றிவிட்டால் மின்சாரப் பூட்டு வேலை செய்யாது. மின்சாரப் பூட்டு மட்டும் இருக்கும் டிக்கி என்றால் திறப்பதே பெரும்பாடு.

மாட்டியதும் பதறுவது

ஐடில், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், கொஞ்சம் ஏறி இறங்கலாம். சிறிது தூரம் ஓடினால் இசியூ பழகிக்கொள்ளும். பவர் விண்டோ ஒரே தட்டில் ஏறாவிட்டால், கண்ணாடியை முழுக்க ஏற்றிச் சுவிட்சைச் சில நொடிகள் பிடித்திருங்கள், பல வண்டிகளில் சரியாகிவிடும். சில ரேடியோக்கள் மட்டும் ரகசிய எண் (code) கேட்கும். அதைப் பேட்டரியில் கை வைக்கும் முன்பே தேடி எடுத்துவிடுங்கள்.