எலும்புப்புரை: தம் எலும்பைப் பற்றி அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்டியோபோரோசிஸ் என்று மருத்துவர்கள் எழுதும் எலும்புப்புரை நோய், எலும்பு முறிகிற நாள் வரை பெரும்பாலும் எந்த வலியையும் தருவதில்லை. அதனால் இந்நோய் உள்ளவர் தம் எலும்பின் நிலையை உடல் சொல்லி அறிவதில்லை. ஒரு பரிசோதனை அறிக்கை, மருத்துவர் அவசரத்தில் சொன்ன இரண்டு வாக்கியங்கள், மருந்துக்கடைக்காரரின் யோசனை, உறவினர் அனுப்பிய காணொளி எனச் சிதறிக் கிடக்கும் தகவல்களிலிருந்தே அறிகிறார். இவற்றில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதில்தான் முதல் தவறுகள் நேர்கின்றன. பின்னால் மருந்திலும் உணவிலும் வரும் பிழைகள் பலவும் அவற்றின் தொடர்ச்சியே.

முழங்கால் வலிக்காகச் சென்று மூட்டுத் தேய்மானம் என்று கேட்டு வந்தவர்கள் தமக்கு எலும்புப்புரை வந்துவிட்டதாக எண்ணிக் கால்சியம் மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். மூட்டு வலியே இல்லாதவர்கள் தம் எலும்பு நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடுகிறார்கள். மூட்டுத் தேய்மானத்தில் முதன்மையாகக் கெடுவது குருத்தெலும்பு. எலும்புப்புரையில் குறைவது எலும்பின் அடர்த்தியும் உள்கட்டமைப்பும். இதைவிட ஆபத்தானது, ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வந்த அறிக்கையை எலும்பின் வலுவுக்குச் சான்றாகக் கொள்வது. உடலிலுள்ள கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் அது குறைய நேர்ந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் தூண்டுதலால் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்பட்டு ரத்தத்தின் அளவு காக்கப்படுகிறது. எலும்பு இழந்துகொண்டிருக்கும்போதே ரத்த அறிக்கை இயல்பாக இருக்கக்கூடும்.

அடர்த்தியை அளப்பதற்கென்று இருப்பது இடுப்பிலும் கீழ்முதுகிலும் எடுக்கப்படும், எக்ஸ்ரே கதிரால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன். இலவச முகாம்களில் குதிகாலைச் சிறு கருவியில் வைத்துச் சொல்லப்படும் எண், மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்று யோசிக்க உதவுமே தவிர, நோய் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவுகட்ட உதவாது. அதை வைத்து மருந்து தொடங்குவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு. டெக்ஸா அறிக்கையில் வரும் டி ஸ்கோர், ஒருவருடைய எலும்பின் அடர்த்தி இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. மைனஸ் 1 வரை இயல்பு என்றும், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் இருந்தால் எலும்புப்புரை என்றும், இடைப்பட்டது அடர்த்திக் குறைவு என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 1994இல் வகுத்தது. அந்த எல்லை மாதவிடாய் நின்ற பெண்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும், ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரையே பார்க்க வேண்டும் என்பது பல அறிக்கைகளைப் படிக்கும்போது கவனிக்கப்படாமல் போகிறது.

இந்த எண்ணை மதிப்பெண் போல எண்ணி, மைனஸ் 2.4 என்றால் தேர்ச்சி, மைனஸ் 2.5 என்றால் தோல்வி என்று கொள்வது பெரிய தவறு. எலும்பு முறிந்து வருபவர்களில் கணிசமானோரின் டி ஸ்கோர் மைனஸ் 2.5ஐத் தொட்டிருப்பதில்லை. வயதானவர்களின் முதுகெலும்பில் தேய்மானத்தால் வளரும் எலும்பு முளைகள் அடர்த்தியை உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடும். அத்தகையவர்களின் அறிக்கையில் முதுகின் எண்ணைவிட இடுப்பின் எண்ணே நம்பத்தக்கது. அடுத்த முறை வேறொரு மையத்தில் வேறொரு கருவியில் ஸ்கேன் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டு மகிழ்வதிலும் வருந்துவதிலும் பொருளில்லை. இயன்றவரை ஒரே கருவியில் எடுத்து, பழைய அறிக்கையை முழுமையாக, படங்களோடு சேர்த்துப் பாதுகாத்து வைப்பதே ஒப்பீட்டுக்கு உதவும்.

ஸ்கேன் சொல்லாத செய்திகளை நோயாளிதான் சொல்ல வேண்டும். நின்ற நிலையிலிருந்து வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது என்றால், அது விழுந்த வேகத்தால் வந்ததல்ல, எலும்பின் வலுக்குறைவால் வந்தது என்று ஐயுற வேண்டும். ஆனால் மாவுக்கட்டைப் பிரித்ததோடு அந்த நிகழ்ச்சியை வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முதுகெலும்பு முறிவுகளில் பல, முறிந்தது தெரியாமலே நேர்ந்துவிடுகின்றன. இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருப்பதும், முதுகு கூனத் தொடங்குவதும் வயதின் இயல்பு என்று ஒதுக்கத்தக்கவை அல்ல; எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். திடீரென்று வந்த முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும், முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், அங்கே எலும்பு நொறுங்கியிருக்குமானால் நிலைமையை மோசமாக்கிவிடும்.

குடும்ப வரலாற்றைச் சொல்வதிலும் இதே போன்ற இழப்பு நேர்கிறது. பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிவு உண்டா என்று மருத்துவர் கேட்டால் இல்லை என்று பதில் வரும். ஆனால் அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டால், கிணற்றடியில் விழுந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை என்பார்கள். அந்த அம்மாவுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிவாகவே இருந்திருக்கும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் கணிப்பு முறை, வயது, எடை, முந்தைய முறிவு, பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு நேரும் வாய்ப்பைக் கணிக்கிறது. இந்தியர்களுக்கான கணிப்பும் அதில் உண்டு. உள்ளே கொடுக்கும் தகவல் தவறானால் வெளிவரும் கணிப்பும் தவறாகும்.

எலும்புப்புரை என்று தெரிந்த பிறகும், ஏன் வந்தது என்று கேட்காமல் விடுவது இன்னொரு தவறு. ஆஸ்துமாவுக்கோ மூட்டு அழற்சிக்கோ மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரைகள், தைராய்டு மிகைச் சுரப்பு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், மார்பகப் புற்றுநோய்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் தரப்படும் ஹார்மோன் தடுப்புச் சிகிச்சைகள் ஆகியவை எலும்பைக் கரைப்பவை. நம் ஊர்களில் குறிப்பாகக் கேட்க வேண்டியது கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சையைப் பற்றி. நாற்பது வயதுக்கு முன்பே அதைச் செய்துகொண்ட பெண்களில் பலருக்கு, சினைப்பைகளும் சேர்த்து அகற்றப்பட்டனவா என்பது தெரியாது. அகற்றப்பட்டிருந்தால் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அன்றே குறைந்துவிட்டது என்று பொருள். அந்தச் செய்தி மருத்துவமனை கொடுத்த வீடு திரும்பும் சீட்டில் இருக்கும், அதைத் தேடி எடுத்து வைப்பது அவசியம். ஆண்களுக்கு இந்நோய் வராது என்ற எண்ணமும் தவறு. ஆண்களில் அடிப்படைக் காரணம் ஒன்று ஒளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களுக்குத் தேடல் கூடுதலாகவே தேவை.

கால்சியத்தைப் பொறுத்தவரை, கணக்குப் பார்க்காமல் விழுங்குவதே பொதுவான பிழை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு 1200 மில்லிகிராமும் தேவை. பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராமும், கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராமும் இருப்பதால், உணவில் கிடைப்பதைக் கூட்டிப் பார்த்து மிச்சத்துக்கு மட்டுமே மாத்திரை போதும். அட்டையில் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் உடலுக்குக் கிடைக்கக்கூடிய கால்சியம் அதில் 500 மில்லிகிராம்தான். அதை உணவோடு எடுக்க வேண்டும், தைராய்டு குறைபாட்டுக்கு எடுக்கும் தைராக்சின் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு எழுதித் தரப்படும் 60,000 யூனிட் வைட்டமின் டி மருந்தை, சீட்டைக் காட்டிக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பவர்கள் உண்டு. அளவுக்கு மீறிச் சேரும் வைட்டமின் டி ரத்தத்தில் கால்சியத்தை உயர்த்திச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

எலும்பு முறிந்துவிடும் என்று அஞ்சி அசையாமல் இருப்பது எலும்பையும் தசையையும் ஒருங்கே நலிவிக்கும். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. தசைக்கு எடை கொடுக்கும் பயிற்சியும் நிலைதடுமாறாமைக்கான பயிற்சியும் சேர வேண்டும். முதுகெலும்பு வலுவிழந்தவர்கள் முன்பக்கம் வளையும் பச்சிமோத்தாசனத்தையும், உடல் எடையைத் தோளிலும் கழுத்திலும் தாங்கும் சர்வாங்காசனத்தையும் தவிர்க்க வேண்டும். ஈரமான குளியலறைத் தரை, இரவில் விளக்கில்லாத நடை, அகற்றப்படாத கண்புரை, தூக்க மாத்திரை ஆகியவை எந்த ஸ்கேனிலும் தெரியாத ஆபத்துகள்.

மருந்தில் வரும் தவறுகளில் சில, எடுத்துக்கொள்ளும் முறையிலேயே இருக்கின்றன. எலும்பு இழப்பைக் குறைக்க வாரம் ஒரு முறை விழுங்கும் 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரை வெறும் வயிற்றில்கூட ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே உடலில் சேர்கிறது. காபியோடு விழுங்கினால் அதிலும் பெரும்பகுதி வீணாகிவிடும். ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் வேறெதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும். அதே வகையைச் சேர்ந்த, ஆண்டுக்கொரு முறை ரத்தநாளத்தில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலத்தின் முதல் தவணைக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரக்கூடும். அதை ஒவ்வாமை என்று எண்ணி அடுத்த ஆண்டு மறுத்துவிட வேண்டியதில்லை. இம்மருந்தை ஏற்றுவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையையும் வைட்டமின் டி அளவையும் பார்த்தார்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை. தாடை எலும்பு பாதிக்கப்படும் என்ற செய்தியைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எலும்புப்புரைக்குத் தரப்படும் அளவில் அது மிக அரிது. பல் பிடுங்குவதற்கு முன் பல் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்வதே சரியான வழி. நீண்ட நாள் மருந்து எடுப்பவருக்குத் தொடையிலோ தொடையிடுக்கிலோ காரணமின்றி வலி வந்தால் அதை உடனே தெரிவிக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கொரு முறை தோலுக்கடியில் போடப்படும், எலும்பு இழப்பை அடக்கும் டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போடுவது எல்லாவற்றிலும் கடுமையான விளைவைத் தரக்கூடியது. செலவு காரணமாகவோ வெளியூர்ப் பயணம் காரணமாகவோ அது சில மாதம் தவறினால், அடக்கப்பட்டிருந்த எலும்பு இழப்பு வேகமாகத் திரும்பி, சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிகின்றன. இந்த ஊசியை நிறுத்துவதானால் அதற்குப் பின் வேறு மருந்து தொடர வேண்டும். ஆகவே முதல் ஊசி போடும் நாளிலேயே அடுத்த தேதியை நாட்காட்டியில் எழுதுவதோடு, எத்தனை ஆண்டு போட வேண்டும், நிறுத்தும்போது எந்த மருந்துக்கு மாற வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி குறித்து வைக்க வேண்டும்.