விதை போட்ட புல்தரை ஏன் திட்டுத் திட்டாய்ப் போகிறது?

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் புது வீட்டு முற்றத்தில் புல்விதை போட்டு, இரண்டு மாதம் கழித்தும் பாதி இடத்தில் செம்மண்தான் தெரிகிறது என்றால் திட்டு விதைக்கடைக்காரருக்குத்தான். கோளாறு பெரும்பாலும் மண்ணிலும் விதைத்த மாதத்திலும் இருக்கும்.

தண்ணீர் விடும் வேலை மிச்சம் என்று இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையை நம்பி ஜூனில் விதைப்பது முதல் தவறு. புல்தரைக்குப் போடும் அருகம்புல் விதை எள்ளைவிடப் பொடி. ஒரு பெருமழை அடித்தால் சரிவின் கீழ்மூலையில் மொத்தமாய் ஒதுங்கி, அங்கே மட்டும் கற்றையாய் முளைக்கும். ஆவணி முதல் வாரம் விதைத்தால் ஐப்பசி மழைக்கு முன் எட்டு வாரம் கையில் இருக்கும். அதற்குள் வேர் மண்ணைப் பிடித்துவிடும்.

அடுத்தது, கட்டட வேலை முடிந்த கையோடு ஜேசிபியால் மட்டம் தட்டி, ஒரு லோடு செம்மண் கொட்டி விதைப்பது. அடியில் சிமெண்ட் கட்டியும் ஓட்டுத்துண்டும் லாரி ஏறி இறுகிய தரையும் அப்படியே கிடக்கும். வேர் இரண்டு அங்குலத்தோடு நின்றுபோகும். பங்குனி வெயிலில் முதலில் காய்வது அந்த இடம்தான். மம்பட்டியால் 6 முதல் 8 அங்குலம் கொத்திப் புரட்டி, கல்லைப் பொறுக்குங்கள். வீட்டைவிட்டு வெளிப்பக்கமாக 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு போதும்.

வெட்டுகல் (செம்புரைக்கல்) மண்ணுக்குப் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, அதிகம். மண் பரிசோதனைச் சீட்டில் உள்ளபடி சுண்ணாம்பு போடுங்கள். பொதுவாகச் சென்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ வரும். அன்றைக்கே சாணத்தையும் கலந்தால் சாணத்தின் தழைச்சத்து அம்மோனியாவாய்ப் பறந்துவிடும். இரண்டு வாரம் விட்டு, சென்ட்டுக்கு 100 கிலோ மக்கிய சாணம் போடலாம். பச்சைச் சாணம் வேண்டாம், அதில் களைவிதை உயிரோடு வரும்.

கோரை இருக்கும் இடத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுவது காசு கொடுத்துக் கோரை நடுவதுபோல. சரமாய்க் கோத்திருக்கும் கிழங்கு துண்டாகி, ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். நிலத்தை நனைத்து மூன்று வாரம் சும்மா விடுங்கள். முளைத்ததைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். இன்னொரு தடவையும் இதையே செய்ய வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் புல் முளைத்த பிறகு கோரையைப் பிடுங்கினால் புல்லும் கூடவே வரும்.

கிளறிய மண்ணை நனைத்து, உருளை ஓட்டி அமுக்குங்கள். மிதித்தால் கால்தடம் அரை அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. புதைந்தால் விதை ஆழத்துக்குப் போய் முளைக்காமலே அழுகும்.

சென்ட்டுக்கு 250 முதல் 300 கிராம் விதை போதும். பத்துப் பங்கு காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நெடுக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவுங்கள். தோட்டவாரியால் லேசாகக் கீறிவிட்டால் போதும், மூடும் மண் 5 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். எறும்புப்புற்று இருந்தால் விதைப்பதற்கு முன்பே கவனியுங்கள். விட்டால் விதை புற்றுக்குள் போய்விடும்.

ஆன்லைனில் அழகான படத்தோடு விற்கும் ரைகிராஸ், ஃபெஸ்க்யூ எல்லாம் குளிர்நாட்டுப் புல். முளைக்கும், கோடையில் கருகும். பலாமரத்து நிழலில் அருகம்புல்லும் எடுபடாது; அதற்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நிழலான இடத்தில் அகன்ற இலையுள்ள எருமைப்புல் (பஃபலோ கிராஸ்) தண்டை நட்டுவிடுவது உத்தமம்.

தோல் நீக்கிய விதை 7 முதல் 14 நாளில் முளைக்கும். அதுவரை பூவாளியால் தினம் மூன்று நான்கு தடவை மேல்மண் ஈரமாகும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். ஹோஸைத் திறந்து விட்டால் ஜூன் மழை செய்யும் வேலையை நீங்களே செய்வீர்கள். புல் இரண்டரை அங்குலம் வந்ததும், தரை காய்ந்திருக்கும் நாளில், கூரான பிளேடால் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு இளம்புல்லை வேரோடு இழுத்துவிடும்.