டென்ஷனில் வயிறு கலங்குகிறவர்கள் என்ன செய்யலாம்

தக்காளி விலை சரிகிற வாரங்களில் என் தம்பிக்கு வயிறு சரியிருக்காது. பாலக்கோடு மண்டிக்கு லோடு ஏற்றும் முன்பே கழிவறைக்கு ஓடுவான். கேட்டால், "மண்டியில குடிக்கிற டீதான் அக்கா காரணம்" என்பான். விலை நன்றாக இருக்கும்போதும் அதே கடையில் அதே டீதான். நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுப்பவள், பொதுத்தேர்வு நெருங்கினால் பிள்ளைகளிடமிருந்தும் இதே புகார் வரும். இவர்களுக்கெல்லாம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன், வயிறு எப்படி இருந்தது, அன்றைக்கு மனதை அரித்தது எது? கடைசிக் கேள்விக்குத்தான் யாரும் பதில் எழுத மாட்டார்கள். அதை விடாமல் எழுதுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு விஷயம் பிடிபடும்: களியும் கீரைக் கடைசலும் ஒரு நாள் சுகமாகச் செரிக்கும், அதே களி இன்னொரு நாள் வயிற்றைப் பிசையும். அப்படியென்றால் களியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

குடல் சுவரில் நரம்பு நுனிகளை ஒட்டியபடி மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு சக்தி செல்கள் இருக்கின்றன. 1878-ல் இவற்றுக்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிக். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் அடைத்த துகள்கள் உண்டு. மனம் பதறும்போது உடல் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது தூண்டினால் மாஸ்ட் செல், மிளகாய்ப்பொடிப் பொட்டலம் கிழிந்த மாதிரி, உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும். பக்கத்து நரம்புகள் எரிச்சலாகும், குடல் இழுத்துப் பிடிக்கும், குடல் சுவரின் இறுக்கமும் தளரும்.

பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தார் 2014-ல் இதை மனிதர்களிடமே காட்டினார்கள். நோயில்லாதவர்களை மேடைப் பேச்சுக்கு நிறுத்தினார்கள். யாருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் நன்றாக ஏறியதோ அவர்களுக்குச் சிறுகுடலின் கசிவும் கூடியது. மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது கசிவு கூடவில்லை. அதனால், "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்கிறவர்களை நான் மதிப்பதில்லை. மனதில் தொடங்கினாலும் குடலில் நடப்பது நிஜம்.

மாதக்கணக்கில் நீளும் கவலை வேறு வழியில் போகிறது. கார்டிசால் வீக்கத்தைக் குறைக்கும் என்றுதானே பாடத்தில் படிக்கிறோம், அப்புறம் குடல் ஏன் புண்ணாகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 2023-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் எலிகளில் பார்த்தது இது: அந்தவகை ஹார்மோன் நீண்ட நாள் ஏறியே இருந்தால் குடல் நரம்புகளுக்குத் துணையான கிளியா செல்கள் குணம் மாறி, மோனோசைட் என்ற வெள்ளணுக்களைத் தூண்டி, அழற்சியைக் கூட்டுகின்றன.

சரி, செய்ய வேண்டியது. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு போனில் விலை பேசாதீர்கள். பேசி முடித்து, வயிறு எழும்பி இறங்கும்படி ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி உடலை அமைதிப்படுத்த கைக்காசு செலவில்லாத வழி இது. வெறும் வயிற்றில் காபி வேண்டாம், அது பெருங்குடலை விரட்டும். அதிகாலை மண்டி என்றால் இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுங்கள். தம்பி இதை மட்டும் கேட்பதே இல்லை.

சந்தேகப்படும் உணவுகளை மொத்தமாக நிறுத்தி உடம்பை வற்றவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் நிறுத்தி, இரண்டு வாரம் பார்த்து, மறுபடி சேருங்கள். வாந்தி பேதி வந்துபோன பிறகுதான் சில உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் குறித்துவையுங்கள். தொற்றுக்குப் பின் குடலின் மாஸ்ட் செல்கள் சாதாரண உணவையே எதிரியாகப் பார்க்கலாம் என்று லூவன் குழுவின் 2021 ஆய்வு சொல்கிறது.

லோடு தூக்கிய முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் என்று தினமும் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. குடல் சுவரை அவையும் கெடுக்கும். ஹிஸ்டமின் என்று படித்தவுடன், அதைத் தடுக்கும் செட்டிரிசின் மாத்திரை வாங்க மெடிக்கலுக்குக் கிளம்பவும் வேண்டாம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வயிற்றுப்போக்கு தூக்கத்திலிருந்து எழுப்புவது, இரத்தச்சோகை, விடாத காய்ச்சல், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் டென்ஷன் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, போய்க் காட்டுங்கள்.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அன்று காலை புது உணவு எதுவும் வேண்டாம், வழக்கமான இட்லியோ கூழோ போதும். அரை மணி நேரம் முன்னதாக எழுந்தால் கழிவறைக்கு அவசரமில்லாமல் போய்வரலாம். பஸ்ஸில் கடைசி நேரத்தில் புத்தகத்தைப் புரட்டுவதை நான் அனுமதிப்பதில்லை.