ஆட்டுக்கு முடி கொட்டினால் உடனே ஊசியைத் தேடாதீர்கள்

ஆடு வளர்க்கத் தொடங்கி 6 மாதமான ஒருவர் போன வாரம் ஒரு படம் காட்டினார். முதுகில் முடி பிய்ந்து, தோல் செதில் செதிலாக நிற்கிறது ஒரு வெள்ளாடு. "ஐவர்மெக்டின் ரெண்டு ஊசி போட்டாச்சு, சொறி போகவே இல்லை" என்றார். குடற்புழுவுக்கும் தோல் பூச்சிக்கும் போடும் மருந்து அது. முடியை விலக்கிப் பார்த்தீர்களா என்றேன். இல்லையாம். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான்.

கொட்டகைச் சுத்தம், புது ஆட்டைத் தனியே கட்டுவது எல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

பார்க்காமல் ஊசி போடுவது

என் பட்டியில் எல்லா ஆடும் கம்பத்தில் உரசத் தொடங்கியதும் ஊசி போட்டேன். குறையவில்லை. மறுபடி போட்டேன். மருந்து உடம்பில் இருக்கும் வரை பாலைக் குடிக்கக்கூடாது என்பதால் அத்தனையையும் கொட்டினேன். கடைசியில் வந்த கால்நடை மருத்துவர் ஓர் ஆட்டை வெயிலில் நிறுத்தி, தோள்பட்டை முடியைப் பிரித்துக் காட்டினார். பழுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது பேன்.

பேனில் இரண்டு வகை. ரத்தம் உறிஞ்சுவது ஒன்று. தோல் செதிலைக் கடித்துத் தின்பது இன்னொன்று. ஊசி மருந்து ரத்தத்தில்தான் ஓடுகிறது. ரத்தமே குடிக்காத பேனை அது சரியாக எட்டாது. அதற்குத் தோல்மேல் தூவும், ஊற்றும் மருந்துதான் வேண்டும். இன்றும் எரிச்சலாக இருப்பது வேறு விஷயம்: வீணாகப் போட்ட ஒவ்வொரு ஊசியும் குடற்புழுக்களுக்கு அந்த மருந்தைத் தாங்கிக்கொள்ள இலவசப் பயிற்சி. பேனும் போகவில்லை, புழு மருந்தும் வலுவிழந்தது.

சரி, பேன் இல்லை என்றால்? இடத்தைப் பாருங்கள். முகம், காது, கண்ணைச் சுற்றித் தடித்த பொருக்கும் வெறிபிடித்த அரிப்பும் இருந்தால் சொறிச் சிற்றுண்ணி (தோலில் வாழும் மிகச் சிறிய பூச்சி) மேல் சந்தேகப்படலாம். குளம்புக்கு மேலே கணுக்காலில் மட்டும் பொருக்கு என்றால் அது வேறு வகைச் சிற்றுண்ணியாக இருக்கலாம். அரிக்காத சின்னச் சின்னக் கட்டிகள் இன்னொரு வகை. உறுதி செய்ய, புண்ணின் ஓரத்தில் லேசாக ரத்தம் கசியும் அளவுக்குச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சுரண்டுவதை மருத்துவரிடம் விடுங்கள்.

ஒரே தடவையோடு நிறுத்துவது

பேன் முட்டையான ஈறு மருந்தில் சாகாது. சுமார் 2 வாரம் கழித்து மறுபடி போடுங்கள்.

சொறிகிற ஆட்டுக்கு மட்டும் மருந்து

மந்தை முழுக்க, ஒரே நாளில்.

அரிப்பில்லாத முடி உதிர்வையும் பூச்சி என்று நினைப்பது

கறுப்பு ஆடு துருநிறமாக வெளுத்து, வால் நுனி மீன்வால் போலப் பிளந்திருந்தால் தாமிரக் குறைபாடாக இருக்கலாம். தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகமானால் துத்தநாகம் உடம்பில் சேராது. தோல் தடித்துச் செதிலாகும். குறைபாடு என்று நினைத்துத் தாமிரத்தை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். அது ஈரலில் சேர்ந்துகொண்டே போய், திடீரென்று ஒருநாள் ஆட்டைக் கொன்றுவிடும்.

வெறும் கையால் பொருக்கைப் பிய்ப்பது

குட்டியின் உதட்டில் வரும் வாய்ப்புண் அம்மையும் படர்தாமரையும் மனிதருக்கும் ஒட்டும். கையுறை போடுங்கள். வாய்ப்புண் பெரும்பாலும் 3, 4 வாரத்தில் தானாகவே உதிர்ந்துவிடும். குட்டி பால் குடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நான் பிய்த்துப் பார்த்தேன். அப்புறம் என் கட்டைவிரல் ஒரு மாதம் கட்டோடு இருந்தது.