மரச்சாமானில் விழுந்த பள்ளத்தை ஆவியால் எழுப்புவது எப்படி?

மேசைமேல் பித்தளைச் சொம்பு விழுந்தோ, வீடு மாறும்போது கட்டில் சட்டம் நிலைப்படியில் இடித்தோ ஏற்படும் சிறு பள்ளத்தைக் கண்டதும் பலர் பட்டி (புட்டி எனப்படும் அடைப்புப் பசை) வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது அவசரப்பட்டுச் செய்யும் வேலை. அடிபட்ட இடத்தில் மரம் குறைந்துபோவதில்லை. நார்கள் நசுங்கி உள்ளே அமுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ஈரமும் சூடும் ஒருசேர உள்ளே போனால், அந்த நார்கள் நீரை உறிஞ்சி உப்பி, ஏறக்குறையப் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். பட்டியால் அடைத்த பிறகு நீர் இறங்க வழியில்லை.

முதலில், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சு ஒளியைப் பலகைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மரத்தின் ரேகை அறுபடாமல் பள்ளத்துக்குள் இறங்கி மறுபுறம் ஏறினால் அது நசுங்கல், ஆவியில் எழும்பும். ரேகை அறுந்து, சிராய் பெயர்ந்திருந்தால் அங்கே மரமே போய்விட்டது என்று பொருள். அதற்குப் பட்டிதான் வழி.

அடுத்துச் சாமான் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் தேக்கு, பலா, வேம்பு, பூவரசுச் சாமான்கள் முழு மரத்தில் செய்தவை என்பதால் இம்முறைக்கு ஒத்துவரும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. நீரை மெதுவாகத்தான் ஏற்கும், பொறுமை வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் இதைச் செய்யவே கூடாது. ஈரம் பட்டால் ஊதி, மறுபடி அடங்காது. மைக்கா ஒட்டிய பரப்பிலும் பயனில்லை. பிளைவுட்டின் மேலே உள்ள மெல்லிய மரத்தாள் சூட்டில் பசைவிட்டுக் கொப்புளிக்கும் என்பதால் அதையும் தவிர்ப்பதே நல்லது.

மரத்தின்மேல் என்ன பூச்சு இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கண்ணில் படாத மூலையில், மரப் பாலிஷுக்குப் பயன்படும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாகத் தடவினால், அரக்கு பாலிஷ் பிசுபிசுத்துக் கரையும். அந்தப் பாலிஷ் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துப்போகும். பின்னர் மறு பாலிஷ் போட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே இறங்க வேண்டும். ஸ்பிரிட்டுக்கு அசையாத கெட்டிப் பூச்சாக இருந்தால் நீர் உள்ளே இறங்காது. பள்ளத்தின் மேலுள்ள பூச்சை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

இனி வேலை. பள்ளம் நிரம்பும் அளவு வெந்நீர் விட்டுக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பாக இருப்பதால், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விடும். வடிகட்டிய குடிநீரே போதும், சிறிதளவுதானே தேவை. துருப்பிடித்த பாத்திரத்து நீரை எடுக்காதீர்கள். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும்.

பிறகு சாயம் போகாத பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று மடிப்பாகப் பள்ளத்தின்மேல் வையுங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்குரிய சூட்டில் வைத்து, அதன் நுனியை மட்டும் துணிமேல் ஐந்து முதல் பத்து வினாடி அழுத்துங்கள். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். அந்த ஓசை அடங்குமுன் பெட்டியைத் தூக்கிவிட வேண்டும், ஏனெனில் காய்ந்த துணி வழியே போகும் சூடு மரத்தைக் கருக்கிவிடும். துணியை விலக்கிப் பார்த்து, மீண்டும் நனைத்து, மீண்டும் வையுங்கள். ஒரே தடவையில் நெடுநேரம் அழுத்துவதைவிட, விட்டுவிட்டுப் பலமுறை செய்வதே பலன் தரும். மட்டத்துக்குச் சற்றே மேலே புடைத்திருந்தால் கவலை வேண்டாம், தேய்க்கும்போது சரியாகிவிடும். பல முறைக்குப் பின்னும் அசையாவிட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

ஈரம் முழுவதும் போகாமல் உப்புத்தாளைத் தொடக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் நிழலிலேயே ஒரு நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாளாவது விட வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடியில் போடுவது தவறு, பலகை வளைந்து முனையில் வெடிக்கும்.

காய்ந்ததும் நார்கள் சொரசொரப்பாக நிற்கும். 220ஆம் எண் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, ரேகையின் போக்கிலேயே தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். பழைய பூச்சு அரக்கு என்றால், 100 மில்லி ஸ்பிரிட்டில் 20 கிராம் அவலரக்கை (அவல்போல் மெல்லிய செதில்களாக இருக்கும் அரக்கு) ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, பஞ்சைத் துணியில் பொதிந்து மெல்லிய பூச்சாகப் பூசுங்கள்; ஒன்று காய்ந்த பின்பே அடுத்தது. ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்போ சூடான இஸ்திரிப் பெட்டியோ அருகில் இருக்கக் கூடாது.

மரம் பெயர்ந்துபோன இடத்தில், மரத்தூளைப் பெவிகாலில் குழைத்து அடைப்பது வழக்கம். ஆனால் அந்தப் பசை பாலிஷை உறிஞ்சாது. அடைத்த இடம் தனித் திட்டாகத் தெரியும். அதே மரத்தின் தூளைக் கெட்டியான அவலரக்குக் கரைசலில் குழைத்துச் சிறுகச் சிறுக அடைத்தால் நிறம் ஓரளவு ஒத்துப்போகும்.