சர்வரில் ஒரு தேதி, பிரவுசரில் ஒரு தேதியா?

சர்வரிலும் பிரவுசரிலும் ஒரே கோடு ஓடுகிறதென்றால், தேதியைக் காட்டும் இடத்தில் மொழியையும் டைம்ஸோனையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேதியை எழுத்தாக்கித் தரும் ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் டேட்-டைம் ஃபார்மேட்டில் (Intl.DateTimeFormat) மொழியோடு டைம்ஸோன் ‘இந்தியன்/மொரிஷியஸ்’ (Indian/Mauritius) என்ற ஒரு வரி போதும்.

காரணம் எளிது. வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடும். நம் மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் அதற்கு 4 மணி நேரம் முன்னால். பிப்ரவரி 1 தைப்பூசக் காவடி என்று நள்ளிரவு 12 மணியை டேட்டாபேஸில் வைத்திருந்தால், சர்வருக்கு அது ஜனவரி 31 இரவு 8 மணி. பக்கம் முதலில் 31 என்று வரும், ஜாவாஸ்கிரிப்ட் ஏறியதும் 1 என்று மாறும், ரியாக்ட் லைப்ரரி, ஹைட்ரேஷன் (சர்வர் அனுப்பிய பக்கத்தோடு பிரவுசரின் கோடை இணைப்பது) பொருந்தவில்லை என்று கன்சோலில் கத்தும். சில நேரம் திருத்தாமல் தப்புத் தேதியையே விட்டுவிடும், அதுதான் பெரிய தொல்லை. எச்சரிக்கையை அடக்கி வைக்கும் ப்ராப் (ரியாக்டுக்குக் கொடுக்கும் ஒரு அமைப்பு) ஒன்று இருக்கிறது. அது வாயைத்தான் மூடும், தேதியைத் திருத்தாது.

பக்கத்துத் தீவான ரீயூனியனிலும் இதே நேரம்தான், அங்கிருந்து பார்ப்பவர்களுக்கும் சிக்கல் இல்லை.

ஆனால் லண்டனில் இருக்கும் மகன் அவன் ஊர் நேரத்தில் பார்க்க வேண்டும், அல்லது ‘5 நிமிடம் முன்பு’ என்று காட்ட வேண்டும் என்றால் இது உதவாது. அப்போது சர்வரில் மொரிஷியஸ் நேரத்தையே அனுப்பி, ஹைட்ரேஷன் முடிந்த பிறகு, பிரவுசரில் மட்டும் ஓடும் ரியாக்டின் யூஸ்எஃபெக்டில் (useEffect) மாற்றுங்கள். பிறந்த தேதி மாதிரி மணியே இல்லாதவற்றை டேட் ஆப்ஜெக்டாக மாற்றவே வேண்டாம்; வெறும் எழுத்தாகவே இருக்கட்டும்.