அமெரிக்க வரலாற்றுப் பாடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் குடியேறும் தமிழ்க் குடும்பத்தில் இருவருக்கு இந்நாட்டின் வரலாறும் குடிமையியலும் கட்டாயமாகத் தேவைப்படும். ஒருவர் பள்ளிக்குப் போகும் பிள்ளை. மற்றவர் கிரீன் கார்டு பெற்றுச் சில ஆண்டுகளுக்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் பெரியவர். இருவருக்கும் வேண்டிய பாடங்கள், கேள்விகள், விடைகள், மூல ஆவணங்கள் எல்லாவற்றையும் அரசே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆனால் அரசுப் பாடநூல் கையில் இருக்கும்போதே தனியார் நோட்ஸ் வாங்கி, அது போதாதென்று டியூஷனும் வைத்துப் பழகியவர்கள் நாம். இங்கு வந்த பிறகும் இலவசமாகக் கிடைப்பதை ஓர் இளக்காரத்தோடு பார்த்துவிட்டு, கட்டணம் வாங்கும் தளத்தையே முதலில் தேடுகிறோம். அந்தப் பழக்கத்தால் என் நண்பரின் குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அலுவலக நடைமுறைகளை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கிரீன் கார்டு கிடைத்து ஐந்து ஆண்டுகள் ஆனபின், அல்லது அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணந்து அவருடன் வாழ்பவராயின் மூன்று ஆண்டுகளில், என்-400 என்னும் படிவத்தைக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் தாக்கல் செய்கிறோம், கைரேகை எடுக்கிறார்கள், பிறகு நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். அங்கே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை வாசித்து, ஒரு வாக்கியத்தை எழுதி, வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய கேள்விகளுக்கு வாய்மொழியாக விடை சொல்ல வேண்டும். இது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. எந்தக் கேள்விப் பட்டியலைப் படிக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இடையில் சில மாதங்கள் நீங்கலாக, 2008 முதல் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த தேர்வில் 100 கேள்விகள் உண்டு. அவற்றில் 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும். 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு. இதில் பட்டியல் 128 கேள்விகளுக்கு நீண்டுவிட்டது. 20 கேள்விகள் வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். பன்னிரண்டாவது சரியான விடையோடும் தேர்வு முடிந்துவிடும், ஒன்பதாவது தவறான விடையோடும் முடிந்துவிடும். எந்தத் தேர்வு என்பதை விண்ணப்பம் தாக்கலான தேதியே தீர்மானிக்கிறது. நேர்காணல் எப்போது நடக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நண்பரின் தந்தை தென்காசிப் பக்கத்துப் பள்ளியொன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் வட்டத்தில் எல்லோரும் அவரை ‘சார்’ என்றுதான் அழைப்போம். மகனோடு நியூ ஜெர்சியில் இருக்கிறார். 2025 நவம்பரில் சார் விண்ணப்பித்த பிறகு, மகன் தேடுபொறியில் முதலாவதாக வந்த ஒரு தளத்தைத் திறந்திருக்கிறார். மேலே நீலப் பட்டை, நடுவில் கழுகுச் சின்னம், மூலையில் தேசியக் கொடி என்று பார்ப்பதற்கு அரசுத் தளம் போலவே இருந்திருக்கிறது. நூறு டாலருக்கும் மேல் கட்டியதும் கேள்விகள், ஒலிப்பதிவு, மாதிரித் தேர்வு ஆகியவற்றோடு, ‘நீங்கள் தேர்வுக்குத் தயாராகிவிட்டீர்கள்’ என்று ஒரு சான்றிதழும் வந்தது. வந்தவை அத்தனையும் பழைய 100 கேள்விகள். சார் அவற்றை வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தார்.

பழைய கேள்விகளில் பல புதிய பட்டியலிலும் இருப்பதால், படிப்பவருக்குச் சந்தேகமே எழுவதில்லை. இந்தப் பொறியின் சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவற்றில் ‘ஏன்’ என்று கேட்பவை சில உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள் ஏன், பிரதிநிதிகளின் பதவிக்காலம் செனட்டர்களுடையதைவிடக் குறைவாக இருப்பது ஏன், அரசியலமைப்பின் பத்தாவது திருத்தத்தின் நோக்கம் என்ன, ஐசன்ஹோவர் எதற்காகப் புகழ்பெற்றவர் என்பன போன்றவை பழைய பட்டியலில் கிடையாது. போதாக்குறைக்கு, நியூ ஜெர்சியின் ஆளுநராக 2026 ஜனவரியில் மிக்கி ஷெரில் பதவியேற்ற பிறகும், அந்தத் தளம் ஃபில் மர்ஃபியின் பெயரையே விடையாக வைத்திருந்தது. சார் ஒன்பது தவறுகளை எட்டியதும் அதிகாரி மரியாதையாகவே தேர்வை நிறுத்தியிருக்கிறார். “கேள்வித்தாளே மாறிப்போச்சுன்னு ஒருத்தரும் சொல்லலையே தம்பி” என்று என்னிடம் அவர் கேட்டபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறரைத் தேர்வுக்குத் தயார் செய்த ஒருவரின் முகத்தில் இருந்த கூச்சத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தேறாத பகுதிக்கு முதல் நேர்காணலிலிருந்து 60 முதல் 90 நாள்களுக்குள் இன்னொரு முறை வாய்ப்புத் தருகிறார்கள். அதில் அவர் தேறிவிட்டார். அதிலும் தவறியிருந்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்பட்டு, இணையவழிக் கட்டணமான 710 டாலரை மீண்டும் கட்டி முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

இப்படி விற்பது பெரும்பாலும் சட்டவிரோதமும் அல்ல. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தயாரிக்கும் எழுத்துகளுக்கு இந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. யாரும் அவற்றை எடுத்து அட்டை போட்டு விற்கலாம், விற்ற பிறகு திருத்தாமல் விட்டுவிடவும் செய்யலாம். ஆகவே முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ‘டாட் கவ்’ என்ற முடிவை அரசு அமைப்புகள் மட்டுமே பெற முடியும். காம், ஆர்க், நெட் ஆகியவற்றை யாரும் வாங்கலாம். ‘டாட் யுஎஸ்’ என்பதைக்கூட இங்குள்ள எந்தத் தனியாரும் வாங்கலாம் என்பதால் அதைக் கண்டு ஏமாற வேண்டாம். தேடல் முடிவுகளில் விளம்பரம் என்ற குறியோடு உச்சியில் நிற்பவற்றைத் தாண்டிக் கீழே செல்லுங்கள், அல்லது யுஎஸ்சிஐஎஸ் டாட் கவ் என்று நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். அங்கே குடியுரிமை வள மையம் என்ற பகுதியில் இரண்டு தேர்வுகளின் பட்டியல்களும் விடைகளோடு தனித்தனியாக உள்ளன. வாசிப்புக்கும் எழுத்துக்கும் எந்தச் சொற்கள் வரும் என்ற பட்டியலும் இருக்கிறது. பதவியில் இருப்பவர்களின் பெயர் தேவைப்படும் விடைகளுக்கென்று ஒரு பக்கம் தனியாகவே உண்டு. அதை நேர்காணலுக்கு முந்தைய நாள் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுச் செல்வது நல்லது.

வயதில் மூத்தவர்களுக்கான சலுகைகளையும் அதே தளம் சொல்கிறது. விண்ணப்பிக்கும்போது 50 வயதாகி 20 ஆண்டுகள், அல்லது 55 வயதாகி 15 ஆண்டுகள் கிரீன் கார்டோடு இங்கு வாழ்ந்தவருக்கு ஆங்கிலத் தேர்வு இல்லை. வரலாற்றுக் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரின் துணையோடு தமிழிலேயே விடை சொல்லலாம். 65 வயதாகி 20 ஆண்டுகள் வாழ்ந்தவர் நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். 10 கேட்டு, 6 சரியாக இருந்தால் தேர்ச்சி. பெற்றோரை அண்மையில் அழைத்து வந்தவர்களுக்கு இவை பயன்படா என்றாலும், வெகுநாளாக இங்கேயே இருந்தும் ஆங்கிலத்துக்கு அஞ்சி விண்ணப்பிக்காமல் காலம் தள்ளும் அத்தைகளையும் மாமாக்களையும் நான் நிறையப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். பொது நூலகங்கள் பலவற்றில் குடியுரிமை வகுப்புகள் கட்டணமின்றி நடக்கின்றன. உங்கள் ஊர் நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பிள்ளைகளின் பாடம் வேறு வகை. இங்கே வரலாற்று ஆசிரியர் ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்வதைவிட, ஒரு கடிதத்தையோ புகைப்படத்தையோ கொடுத்து, இதில் என்ன தெரிகிறது, யார் எதற்காக எழுதினார்கள், மேலும் என்ன கேட்க வேண்டும் என்று எழுதி வரச் சொல்வார். மனப்பாடத்தில் வளர்ந்த பெற்றோருக்கு இது முதலில் விளையாட்டாகத் தோன்றும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் எல்ஓசி டாட் கவ் தளத்தில், ஆசிரியர்களுக்கான பகுதியில் தலைப்பு வாரியாக மூல ஆவணத் தொகுப்புகளும், அவற்றைக் கவனித்து, சிந்தித்து, கேள்வி கேட்பதற்கான ஒருபக்கப் படிவமும் உள்ளன. அந்தப் படிவத்தை அச்சிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்தால் ஒரே மாலையில் பெற்றோருக்கும் முறை பிடிபட்டுவிடும். தேசிய ஆவணக் காப்பகத்தின் டாக்ஸ்டீச் என்னும் தளம் இதே வேலையைப் பயிற்சிகளாகச் செய்கிறது. அதன் முகவரி மட்டும் ‘ஆர்க்’ என்று முடியும், ஆனால் காப்பகத்தின் அரசுத் தளமே அதற்கு இணைப்புத் தருகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு அச்சகத்தின் பென்ஸ் கைடு என்னும் தளம் போதும். அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதில் வழிகாட்டியாக வருகிறார்.

சாருக்கு மிகவும் பிடித்துப்போனது ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்னும் தளம். இந்நாட்டை நிறுவிய தலைவர்களான வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன், ஹாமில்டன், ஃபிராங்க்ளின் ஆகியோர் எழுதிய கடிதங்களும் அவர்களுக்கு வந்த கடிதங்களும் அதில் உள்ளன. மறுதேர்வுக்குப் படித்த நாள்களில், அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுன் முற்றுகைக்குள் சிக்கிய பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் 1781 அக்டோபர் 17 அன்று போரை 24 மணி நேரம் நிறுத்தும்படி வாஷிங்டனுக்கு எழுதிய சிறு கடிதத்தை அவர் கண்டெடுத்து, எங்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். இங்கே தோற்ற அதே காரன்வாலிஸ்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தவர். 1792-ல் திப்புவை வென்று பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாற்றியவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலையாக நிற்பவர். ஊரில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவராக இவரைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருந்தும், சரணடைந்த கதையை அவருடைய கடிதத்திலேயே படிக்க நியூ ஜெர்சிக்கு வர வேண்டியிருந்தது என்று சார் சிரித்தார். கட்டணத் தளத்தின் ஒலிப்பதிவில் இப்படி எதுவும் கிடையாது.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடினால், இந்தியர்களின் குடியுரிமை வரலாற்றையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. புதிதாகக் குடியேறவோ அது ஆண்டுக்கு 100 பேருக்கே இடம் தந்தது. நம்மைப் போன்றவர்கள் பெருமளவில் வர வழிசெய்தது 1965-ன் குடிவரவுச் சட்டம். காங்கிரஸ் நூலகத்தின் கிரானிக்ளிங் அமெரிக்கா என்னும் பழைய செய்தித்தாள் தொகுப்பில் அக்காலச் செய்திகளைத் தேதி வைத்துத் தேடலாம். தேடும்போது ‘இந்தியன்’ என்று போட்டால் இந்நாட்டுப் பூர்வகுடிகள் பற்றிய செய்திகளே குவியும். சீக்கியரான திண்டையும் அன்றைய செய்தித்தாள்கள் ‘இந்து’ என்றே எழுதின என்பதால் அந்தச் சொல்லையும், ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு ‘ஓ’ வரும் அதன் பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேட வேண்டும்.